அக்காவின் ஊசியும் என் கடைசிப் பத்தியும்

கோழிக் குஞ்சுகள் சாவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகும். குழி தோண்டிப் புதைத்துவிட்டு அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மல்லசமுத்திரம் பக்கம் வந்த சாவு அப்படிப்பட்டதல்ல. ஐந்து மாதம் தீனி தின்று, கொண்டை சிவந்து, முட்டையிடத் தொடங்கிய கோழிகள் செத்தன. ஒரு பண்ணையில் நாளுக்கு நான்கு, ஐந்து. முதலில் கொண்டை வெளுக்கும். பிறகு கோழி தீனித் தொட்டியை விட்டு ஒதுங்கி நிற்கும். கையில் எடுத்தால் நெஞ்செலும்பு குத்தும். வயிறு மட்டும் கனக்கும். அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளுத்த திட்டுகளோடு வயிற்றை அடைத்துக்கொண்டு, குடலை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கிடக்கும். 'பெரிய ஈரல்' என்று ஊரில் பெயர் வைத்தார்கள்.

என் அக்காவின் பண்ணையிலும் அந்தச் சாவு இருந்தது. நான் அப்போது சேலத்தில் ஒரு நாளிதழில் செய்தியாளன். அஸ்தம்பட்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது எழுபதுகளின் நடுவில். மச்சானுக்கு ஆறு ஏக்கர் மானாவாரி நிலம். கடலை, சோளம், குச்சிக் கிழங்கு. இரண்டு வருடம் மழை பொய்த்ததும் அவர் நிலத்தின் ஒரு மூலையில் கொட்டகை போட்டு ஐந்நூறு வெள்ளைக் கோழிக் குஞ்சுகள் வாங்கி விட்டார். அந்த ஊரில் அதுதான் முதல் பண்ணை என்று சொல்ல முடியாது, மூன்றாவது. எட்டாவது வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட வேண்டும். மருந்து ஐஸ் பிளாஸ்க்கில் வந்துவிட்டது. ஊசி போட வேண்டிய மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வரவில்லை. மதியமாகிவிட்டது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பண்ணையில் கம்பவுண்டர் ஊசி போடுவதை இரண்டு தடவை வேடிக்கை பார்த்திருந்த அக்கா, சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்நூறு குஞ்சுகளுக்கும் இறக்கையின் அடியில் அவளே போட்டாள்.

அந்த வருடம் மற்ற இரண்டு பண்ணைகளிலும் பாதிக் கொட்டகை காலி. அக்காவின் கொட்டகையில் வெள்ளைக்கழிச்சலால் ஒரு குஞ்சு சாகவில்லை. அந்தப் பண்ணைகளுக்குக் கம்பவுண்டர் கொண்டுபோன மருந்து வழியிலேயே சூடாகிக் கெட்டிருக்கலாம் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று ஊர் கண்ட காரணம் வேறு. அவளுக்குக் கைராசி என்றார்கள்.

கைராசி என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. அடுத்த வருடத்திலிருந்து பண்ணைக்காரர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள் வைத்து அக்காவை அழைக்க வந்தார்கள். அவள் தலைக்குக் குளித்துவிட்டு மச்சானின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போவாள். முதல் குஞ்சைக் கிழக்குப் பார்க்கப் பிடித்துக் கொடுப்பார்கள். "மொத ஊசி மட்டும் போட்டுட்டுப் போனாப் போதுங்க" என்பார்கள். அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து பொழுது சாயும் வரை எல்லாக் குஞ்சுகளுக்கும் அவளே போடுவாள். பண்ணைக்குப் போனதும் சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைப்பாள். முடிந்ததும் மறுபடி கொதிக்க வைப்பாள். நடுவில் ஊசியை மாற்றுவதில்லை. ஆயிரம் குஞ்சு, இரண்டாயிரம் குஞ்சு, எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. முனை மழுங்கி, குஞ்சு கத்தும் கத்தலில் அவளுக்கே கஷ்டமாகி மாற்றப் போனாலும், "மாத்தாதீங்க, ராசி போயிரும்" என்று தடுத்த பண்ணைக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மணமாகி மூன்று நான்கு வருடமாகியும் பிள்ளை பெறாதவளை எங்களவர்கள் சுப காரியத்தில் முன்னால் நிறுத்த மாட்டார்கள். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள், அழைக்க மறந்துவிடுவார்கள். ஊசி வந்த பிறகு மறக்காமல் அழைத்தார்கள். விதைக் கடலை முதல் கை போட அழைத்தார்கள், புது மாட்டுக்குக் கயிறு மாற்ற அழைத்தார்கள், பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு முதல் சேனை வைக்க அழைத்தார்கள். ஒரு கண்ணாடி சிரிஞ்சால் அவளுக்குக் கிடைத்தது இவ்வளவு.

அதனால்தான் கோழிகள் செத்தபோது அவள் கோழிகளைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை.

"நீ பேப்பர்ல இருக்கறவன். இது என்ன சீக்குன்னு நாமக்கல்ல கேட்டுச் சொல்லு சாமி" என்றாள். "ஊசி போட்டும் சாகுதுன்னா நாளைக்கு என்னயத்தான் கேப்பாங்க."

"நீங்க போட்டது கழிச்சலுக்குங்க்கா. இது வேற."

"எனக்குத் தெரியும். ஊருக்கு ஆரு சொல்றது?"

ஒரு கூடையில் உயிருள்ள கோழி ஒன்றும் காலையில் செத்தது ஒன்றுமாகப் போட்டு மேலே சாக்கைக் கட்டிப் பேருந்தில் ஏறினேன். நடத்துனர் உயிருள்ளதற்கு மட்டும் சுமைக் கட்டணம் வாங்கினார்.

நாமக்கல்லில் அப்போது கோழி நோய்களுக்கென்று ஒரு சிறிய ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே பரிசோதனை செய்தது இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். தெற்கே எங்கிருந்தோ வந்தவர். நான் நாளிதழ் பெயரைச் சொன்னதும் அவர் முகம் சற்று இறுகியது. கூடையிலிருந்து கோழியை எடுத்துக் கொன்று, தொடையைக் கிழித்து, ஒரு நரம்பை இடுக்கியால் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க. நூல் மாதிரி மெல்லிசா இருக்கு, குறுக்குக் கோடு தெரியுது. இது தடிச்சிருந்தா வேற வைரஸ். அது இறகுத் தூசியில பரவும். இது அது இல்ல."

பிறகு கழிவுத் துவாரத்துக்குச் சற்று மேலே கத்தியை வைத்தார். அங்கே கோழிக்குச் சிறு பை ஒன்று உண்டு. நோய் எதிர்ப்பு அணுக்கள் வளரும் இடம். அதைத் திறந்தார். உள்ளே கொண்டைக்கடலை அளவில் மூன்று கட்டிகள்.

"இங்கதான் ஆரம்பிக்கும். ஈரலுக்குப் போறது பிறகு. ரத்தப் புற்று மாதிரி ஒண்ணு, சார். வைரஸால வர்றது."

வைரஸ் எப்படிப் புற்றை உண்டாக்கும் என்று கேட்டேன். விஷம் கக்குமா? அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பரிசோதனைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு கோடு போட்டார். கோட்டின் நடுவில் ஒரு சிறிய பெட்டி.

"இது கோழியோட உயிரணுவுல இருக்கிற டி.என்.ஏ. இந்தப் பெட்டி ஒரு ஜீன். கோழியோடதுதான், வைரஸ் கொண்டுவந்தது இல்ல. எல்லாக் கோழிக்கும் இருக்கு. உங்களுக்கும் எனக்கும்கூட இதே மாதிரி இருக்கு. அணு எப்பப் பெருகணும்னு சொல்ற ஜீன். தேவைப்படும்போது அணு இதைப் படிச்சு நகல் எடுக்கும். தேவை முடிஞ்சா நிறுத்திடும். சரியா?"

"சரி."

"இந்த வைரஸ் வர்றப்ப ஆர்.என்.ஏ.வா வரும். உள்ள வந்ததும் தன்னை டி.என்.ஏ.வா மாத்தி எழுதிக்கும். எழுதி, அணுவோட டி.என்.ஏ.க்குள்ளயே செருகிக்கும். அப்புறம் அதை எடுக்க முடியாது. அணு ரெண்டாகும்போது அதுவும் சேர்ந்து ரெண்டாகும்." கோட்டில் பெட்டிக்கு முன்னால் வேறொரு பெட்டியைச் செருகி, அதன் இரண்டு முனைகளிலும் அம்புக்குறி போட்டார். "தன்னோட ஜீனை அணு படிக்கணும்கிறதுக்காக ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி உத்தரவு வெச்சிருக்கு. 'இங்கிருந்து படி' அப்படின்னு. பலமான உத்தரவு. இடது முனை உத்தரவு வைரஸோட ஜீனைப் படிக்க வைக்கும். வலது முனையில இருக்கிறது எதைப் படிக்க வைக்கும்?"

"பக்கத்தில் இருப்பதை."

"அவ்வளவுதான். பக்கத்துல எது இருக்கோ அதை. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, ஏன்னா வைரஸ் இடம் பார்த்துச் செருகுறதில்ல. எங்கயோ விழும். கோடிக்கணக்கான அணுவுல ஏதோ ஒண்ணுல, இந்த ஜீனுக்கு முன்னால விழுந்துடும். அந்த ஒரு அணு போதும். நிறுத்தாம நகல் எடுத்துக்கிட்டே இருக்கும், நிறுத்தாம பெருகிக்கிட்டே இருக்கும். அதனாலதான் நாலஞ்சு மாசம் ஆகுது."

"ஜீன் கெட்டுப்போவதில்லையா?"

"ஜீன் எழுத்து அப்படியேதான் இருக்கு, சார். கெட்டது எழுத்து இல்ல. எங்க, எப்ப, எவ்வளவு படிக்கிறதுங்கிறதுதான்."

இதெல்லாம் இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்புதான் வெளிநாடுகளில் கண்டுபிடித்தார்கள் என்றார். தமிழில் யாருக்கும் இதைச் சொல்லும் சந்தர்ப்பம் அவருக்கு வந்ததில்லை என்பது அவர் பேசிய வேகத்திலேயே தெரிந்தது. எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

கோழிக்கு இது எப்படி வருகிறது என்று கேட்டேன்.

"முட்டை வழியா. தாய்க் கோழிகிட்ட இருந்து. குஞ்சு பொரியும்போதே உள்ள இருக்கும். இந்தக் குஞ்சுகளை எங்க வாங்கினீங்களோ அங்க, அந்தத் தாய்க் கோழிகள்ல இருக்கு. நாமகிரிப்பேட்டைப் பக்கமும் இதே குஞ்சு, இதே சாவு."

அதோடு நான் எழுந்திருக்கலாம். ஆனால் எனக்குக் கற்றுக்கொடுத்த தொழில் கடைசியாக இன்னொரு கேள்வி கேட்கச் சொல்லும்.

"ஊசியால் பரவுமா? ஒரே ஊசியை எல்லாக் குஞ்சுக்கும் போட்டால்?"

"பரவும். ரத்தம் ஒட்டினாப் போதும்" என்றார். "ஆனா எட்டு வாரக் குஞ்சுக்கு அப்படிப் போனா பெரும்பாலும் கட்டி வராது. அதுக்குள்ள குஞ்சு எதிர்ப்பை உண்டாக்கிக்கும். முட்டையிலயோ, பொரிஞ்ச ஒண்ணு ரெண்டு நாள்லயோ வந்ததுதான் இப்படி ஆகும். எழுதினா ரெண்டையும் சேர்த்து எழுதுங்க, சார். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எழுதாதீங்க."

இரண்டையும் சேர்த்தே எழுதினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அன்று மாலையே அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். தலைப்பத்தி, தாய்க் கோழிகளிலிருந்து முட்டை வழியாக நோய் வருவது. இரண்டாவது, நாமகிரிப்பேட்டையிலும் அதே. பிறகு மூன்று பத்திகள், அந்தப் பெண் வரைந்த படம், அதாவது வைரஸ் கோழியின் ஜீனை எப்படி நிறுத்தாமல் படிக்க வைக்கிறது என்பது. அதைப் பாமரர் புரிந்துகொள்ளும்படி எழுதிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. கடைசியில் ஊசி. இரண்டே வாக்கியங்கள். 'ஒரே ஊசியைப் பல குஞ்சுகளுக்குப் பயன்படுத்துவதாலும் இந்த வைரஸ் பரவும். ஆனால் எட்டு வாரத்துக் குஞ்சுகளுக்கு அவ்வாறு பரவினால் பெரும்பாலும் புற்று உண்டாவதில்லை.'

இதை ஏன் கடைசியில் வைத்தேன் என்று சொல்லவேண்டும். எங்கள் அலுவலகத்தில் இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவார்கள். அச்சுக் கோப்பவர்கூட யாரையும் கேட்காமல் கடைசிப் பத்தியை எடுத்துவிடுவார். அதனால் முக்கியமானதை மேலே வை, போனால் போகட்டும் என்பதைக் கீழே வை என்பதுதான் முதல் நாள் பாடம். ஊசியை நான் எழுதாமல் விட்டால் அக்காவுக்காக விட்டதாகும். எழுதினால் அக்காவுக்கு ஆகாது. எழுதிக் கடைசியில் வைத்தால், வெட்டிவிடுவார்கள். நான் மறைக்கவில்லை, அக்காவுக்கும் ஒன்றுமில்லை, வெட்டியது வேறு ஒருவர் கை. இவ்வளவையும் யோசித்துத்தான் வைத்தேன். அன்றைக்கு இதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

மறுநாள் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, செய்தி வந்தது.

'கோழிகளுக்குப் புற்றுநோய்: ஒரே ஊசியால் பரவுகிறது.'

தலைப்புக்குக் கீழே முதல் வாக்கியம், என் கடைசிப் பத்தியின் முதல் வாக்கியம். எழுத்துப் பிசகாமல் அப்படியே. பிறகு பெரிய ஈரல், பிறகு ஒரு பத்தி வைரஸ். 'ஐந்தாம் பக்கம் பார்க்க' என்று போட்டு, அங்கே ஒரு சினிமா விளம்பரத்துக்குக் கீழே, முட்டையும் தாய்க் கோழிகளும். என் கடைசிப் பத்தியின் இரண்டாவது வாக்கியத்தைத் தேடினேன். எங்கும் இல்லை. இடம் போதவில்லை.

செய்தி ஆசிரியரிடம் போனேன். அவர் அடுத்த பதிப்புக்கான மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்னய்யா, முதல் பக்கம் வந்திருக்கு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"முட்டை வழியா வருவதுதான் செய்தி சார். ஊசி சும்மா ஒரு வரி."

"முட்டை வழியா வந்தா படிக்கிறவன் என்னய்யா பண்ணுவான்? ஊசின்னா மாத்துவான். கடைசிப் பத்தியிலதான் செய்தியே இருக்கு. அதை எதுக்கு அங்க ஒளிச்சு வெச்ச?"

"அடுத்த வரியையாவது விட்டிருக்கலாம்."

"'ஆனால்', 'பெரும்பாலும்'. இப்படி ஒரு வாக்கியம் தலைப்புக்குக் கீழ நிக்குமா, நீயே சொல்லு."

தொழிலின்படி அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் பக்கத்துப் பண்ணைகள் குஞ்சு வாங்கிய அந்தப் பொரிப்பகம் ஞாயிறுதோறும் எங்களுக்கு அரைப் பக்க விளம்பரம் கொடுத்துவந்தது. அந்த ஞாயிறும் கொடுத்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை, இருந்ததில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

ஆய்வுக்கூடத்துப் பெண்ணின் படம் என் குறிப்பேட்டில் இருந்தது. பெட்டி, அதற்கு முன்னால் செருகிய பெட்டி, அம்புக்குறி. எழுத்து அப்படியே இருக்கிறது, கெட்டது எங்கே எவ்வளவு படிக்கிறது என்பதுதான். அவர் சொன்னபோது இதை ஒரு விநோதமான உண்மை என்று குறித்துக்கொண்டேன். பத்து வருடமாக நான் செய்துவரும் வேலையை அவர் விவரித்திருக்கிறார் என்று அப்போது உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பேருந்து நிற்கும் இடத்தில் டீக்கடை. நான்கைந்து பண்ணைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரையும் எனக்குத் தெரியும். எல்லோருடைய கொட்டகையிலும் அக்கா ஊசி போட்டிருக்கிறாள்.

"வாங்க பேப்பர்காரரே" என்றார் ஒருவர். "நம்மூரு மொதப் பக்கத்துல வந்துருச்சுங்களே. உக்காருங்க, டீ குடிங்க."

"ஊரு பேரு போடலீங்க" என்றார் இன்னொருவர்.

"பேரு எதுக்குங்க? இந்தச் சுத்துல ஊசி போடறது ஏளெட்டுப் பேருங்களா? ஒரே ஆளுதானுங்களே."

"ஆமா, நீங்கதான் மாத்தாதீங்க மாத்தாதீங்கன்னு சொன்னீங்க."

"நான் எங்கீங்க சொன்னேன்? எங்கூட்டுல சொன்னா. பொம்பளைங்க சொல்றத எல்லாங் கணக்குல எடுத்துக்குவாங்களா?"

சிரித்தார்கள். நான் முட்டையைப் பற்றிச் சொன்னேன். எட்டு வாரத்தைப் பற்றிச் சொன்னேன். நாமகிரிப்பேட்டைக்கு அக்கா ஒருநாளும் போனதில்லை, அங்கேயும் சாகிறதே என்றேன். முதலில் பேசியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டார்:

"இதெல்லாம் நெசமுங்களா?"

"நெசந்தானுங்க."

"அப்ப பேப்பர்ல போட்டது பொய்யிங்களா?"

"அதுவும் நெசந்தானுங்க."

"என்னமோ போங்க" என்று அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் மச்சான் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க மாப்ளே" என்றார். குரலில் வித்தியாசம் எதுவும் இல்லை. அக்கா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். அவர் சன்னமாகச் சொன்னார். முந்தின நாள் பங்காளி வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். அழைப்பு பத்து நாளுக்கு முன்பே வந்திருந்தது, சேனை தொட்டு வைக்க. அக்கா போனாள். குழந்தையை மடியில் வாங்கினாள். குழந்தையின் பாட்டி வந்து, "பால் குடிக்கிற நேரமாச்சுங்க" என்று எடுத்துக்கொண்டு போனவள் திரும்பக் கொண்டுவரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வேறு யாரையோ சேனை வைக்கச் சொல்லும் சத்தம் கேட்டது.

"புத்துநோயின்னு போட்டுட்டீங்களா, அது கோளிக்கா மனுசனுக்கான்னு ஆருங்க பாக்கறாங்க" என்றார் மச்சான். "உங்கக்கா அங்கிருந்து நடந்தே வந்துட்டா."

அக்கா எனக்குச் சோறு போட்டாள். "சம்பளம் ஏத்துனாங்களா?" என்று கேட்டாள். செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். "அக்கா, அந்தத் தலைப்பு நான் வெச்சதில்லீங்க."

"தெரியும் சாமி. சாப்புடு."

தட்டை எடுக்கும்போது சமையலறை அலமாரியைப் பார்த்தேன். சிரிஞ்சு வழக்கமாக ஒரு எவர்சில்வர் டப்பாவில் இருக்கும். டப்பாவில் உளுந்து இருந்தது.

அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்கு ஊரில் கம்பவுண்டர் ஊசி போட்டார். அவரும் ஒரு பண்ணைக்கு ஒரே ஊசிதான் வைத்திருந்தார். ஆனால் அவர் நூறு குஞ்சுக்கு ஒரு தடவை அதைப் பஞ்சால் துடைத்தார். அதைப் பண்ணைக்காரர்கள் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கொட்டகைக்கும் அவரே வந்தார். அக்கா குஞ்சு பிடித்துக் கொடுக்கக்கூட வெளியே வரவில்லை. அந்த வருடம் குஞ்சுப் பொரிப்பகம் பழைய தாய்க் கோழிகளைக் கழித்துவிட்டு வேறு இனம் கொண்டுவந்திருந்தது. அதை அவர்கள் விளம்பரத்தில் சொல்லவில்லை; ஆய்வுக்கூடத்துப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரிய ஈரல் அந்தத் தொகுதியில் அநேகமாக இல்லை. ஊசி போடும் கை மாறியது, சாவு நின்றது. ஊருக்கு அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நான் மறுபடியும் எழுதினேன். தாய்க் கோழிகள் மாறியது, நாமகிரிப்பேட்டையிலும் நோய் குறைந்தது, எட்டு வாரம், எல்லாம். இந்த முறை எல்லாவற்றையும் மேலேயே வைத்தேன். செய்தி ஆசிரியர் படித்துவிட்டு, "செத்தா செய்தி. சாகலைன்னா என்னய்யா செய்தி?" என்று திருப்பிக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்துப் பெண்ணை அதற்குப் பிறகு ஒருமுறை பார்த்தேன். முதல் செய்தியைப் பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம். "உங்ககிட்ட ரெண்டையும் சேர்த்து எழுதச் சொன்னேன், சார்." சேர்த்துத்தான் எழுதினேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை அவனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு சேலையால் இருவரையும் இணைத்துச் செய்யும் சீர். உடன்பிறந்தவள் இருக்கும்போது வேறு யாரும் அதற்கு உட்காருவதில்லை. எனக்கு இருந்தது ஒரே அக்கா. பெண் வீட்டார் திருச்செங்கோட்டுப் பக்கம். அவர்களும் பண்ணை வைத்திருந்தார்கள். பெண்ணின் அத்தை ஒருத்தி என் அம்மாவிடம், "மாப்பளைக்குச் சித்தி மவ ஒருத்தி இருக்கறாளாமுங்களே, ரெண்டு பிள்ளை பெத்தவ" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அம்மா அதை என்னிடம் சொன்னாள். என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை, சொன்னாள், அவ்வளவுதான்.

தட்டில் கல்யாணப் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் அவள் முட்டைகளைத் துடைத்து அட்டையில் வைத்துக்கொண்டிருந்தாள். தட்டை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"இணைச்சீருக்கு நீங்கதான் உக்காரோணும்" என்றேன்.

நான் பேசிக்கொண்டே போனேன். பேருந்தில் வரும்போதே கோத்து வைத்திருந்த பேச்சு. உங்க ஊசியால எதுவும் சாகலீங்க அக்கா. அந்தச் சீக்கு முட்டையிலயே வந்தது. எட்டு வாரக் குஞ்சுக்கு ஊசியால போனாலும் கட்டி வராது. வைரஸ் எப்படி உள்ளே போய் உட்காருகிறது, எதைப் படிக்க வைக்கிறது என்றுகூடத் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். அவள் கோட்டைக் கவனமாகப் பார்த்தாள். என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டாள் என்றுகூடத் தோன்றியது.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியுமுங்க."

"அப்பவேன்னா? பேப்பர்ல வர்றதுக்கு முந்தியா?"

"முந்தியே தெரியும். எழுதவும் எழுதுனேன். கடைசி வரியில. இடமில்லைன்னு வெட்டிட்டாங்க."

அவள் ஒரு முட்டையை எடுத்துத் துடைத்தாள். அட்டையில் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"வெட்டுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

நான் குச்சியைக் கீழே போட்டேன்.

"தெரிஞ்சுமா கடைசியில வெச்ச?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு ஒத்துவராதபோது மறுபடி கூட்டிப் பார்ப்பவள் போலக் கேட்டாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவும் இல்லை. மீதமிருந்த முட்டைகளைத் துடைத்து அடுக்கி, அட்டையை மற்ற அட்டைகளின் மேல் தூக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"இணைச்சீரு சித்தி மவள வெச்சே செஞ்சுக்குங்க சாமி. நா வாரேன். வந்து பந்தியில உக்காந்துக்கறேன்."

நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். "சரீங்க" என்றேன்.

கல்யாணத்துக்கு அவளும் மச்சானும் முதல் நாளே வந்துவிட்டார்கள். சொன்னபடி இரண்டாவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இணைச்சீர் படத்தில் எனக்குப் பக்கத்தில் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சித்தி மகள்.